காகிதத்தில் ஒரு ஜீப்

ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோம். ஒரு ஜீப் வண்டியின் எடை ஏறத்தாழ 1,100 கிலோகிராம் என்று கொள்வோம். அந்த வண்டியை, அதன் ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு போல்ட்டும் உட்பட, நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 25இல் ஒரு பங்காகச் சுருக்கிவிடுகிறோம். இப்போது அதன் எடை எவ்வளவு?

வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலோர் 1,100ஐ 25ஆல் வகுத்து, 44 கிலோ என்று உடனே சொல்லிவிடுவார்கள். சுருக்கிய வண்டியின் நீளம் 13 சென்டிமீட்டர்தான். ஒரு கையில் தூக்கக்கூடிய அந்தப் பொருள் கிட்டத்தட்ட ஒரு சிமெண்ட் மூட்டை அளவுக்குக் கனக்குமா? கனக்காது. சுருங்கியது ஒரு திசையில் மட்டும் அல்ல, மூன்று திசைகளில். ஆகவே 25 × 25 × 25, அதாவது 15,625ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 70 கிராம். ஒரு கோழி முட்டையைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான்!

நீளம் மாறும்போது பரப்பு அதன் வர்க்கமாகவும், கன அளவு அதன் முப்படியாகவும் மாறும் என்ற இந்த உண்மையின் விளைவுகளைக் கலிலியோ 1638இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்தார். நாம் இங்கே அதை ஒரு பொழுதுபோக்கின் வழியாகப் பார்க்கப்போகிறோம். தாளையும் அட்டையையும் வெட்டி, மடித்து, ஒட்டி, உண்மை வண்டிகளைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கிச் செய்யும் கலை அது. ஏதோ ஒரு கார் மாதிரி இருந்தால் போதும் என்று செய்வது பொம்மை. எந்த இடத்தில் அளந்தாலும் 25ஆல் பெருக்கினால் உண்மை வண்டியின் அளவு வரவேண்டும் என்று செய்வது மாதிரி வண்டி. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

இந்தக் கலை செழித்த நாடுகளில் முதலில் சொல்ல வேண்டியது போலந்து. ‘மாவே மோடெலாஷ்’, அதாவது ‘சிறிய மாதிரி வடிவமைப்பாளர்’ என்ற பெயருடைய இதழ் ஒன்று அங்கே 1950களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டது. இதழை வாங்கினால் அதற்குள்ளேயே ஒரு விமானத்தின் அல்லது கப்பலின் அல்லது வண்டியின் எல்லாப் பாகங்களும் வண்ணத்தில் அச்சாகியிருக்கும். வெட்டி ஒட்ட வேண்டியதுதான். பக்கத்து நாடான அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் 1957இல் தொடங்கிய ‘ஏபிசி’ என்ற சிறுவர் அறிவியல் இதழும் இதே போலத் தாள் மாதிரிகளை வெளியிட்டுப் புகழ் பெற்றது. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அஞ்சலட்டை அளவு அட்டைகளில் அச்சிட்ட மிகச் சிறு மாதிரிகள் விற்பனைக்கு வந்தன. காரணம் எளிது. மரமும் உலோகமும் கிடைக்காத காலத்திலும், பிளாஸ்டிக் மாதிரிகள் விலை எட்டாத இடத்திலும் காகிதம் கிடைத்தது. போலந்துக்காரர்கள் விமானத்துக்கு 1:33, தரை வண்டிகளுக்கு 1:25 என்று ஒரு வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டார்கள். ஆகவே ஒருவர் செய்த லாரியும் இன்னொருவர் செய்த காரும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம், ஒன்றுக்கொன்று பொருந்தும். குழுவாகச் செய்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

எங்கள் ஊரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒன்பது பேர் சேர்ந்து இப்படி ஒரு குழு வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலைகளில் கூடுவார்கள். அவர்கள் அச்சிட்ட படத்தை வெட்டி ஒட்டுவதோடு நிற்கவில்லை. ஒரு வண்டியைத் தாங்களே அளந்து, தாங்களே பாகங்களை வரைந்து செய்ய விரும்பினார்கள். எந்த வண்டி என்று பேச்சு வந்தபோது பெரும்பாலோர் கேட்டது அம்பாசடர் கார். 2014இல் உற்பத்தி நின்றுவிட்டாலும் அந்த உருண்டை முகத்துக்கு இன்னும் மவுசு குறையவில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “அதன் பானெட்டைத் தாளில் எப்படிச் செய்வது?” என்று கேட்டாள். நல்ல கேள்வி! அதற்கு விடை சொல்ல நாம் கொஞ்சம் வடிவ கணிதத்துக்குள் போக வேண்டும்.

ஒரு தாளை எடுத்து வளையுங்கள். குழாயாகச் சுருட்டலாம், கூம்பாகச் சுருட்டலாம். எப்படி வளைத்தாலும் அதன் மேல் ஒரு பென்சிலை ஏதாவது ஒரு திசையில் வைத்தால், பென்சில் ஒட்டி உட்காரும் ஒரு நேர்கோடு இருக்கும். ஒரு திசையில் வளைந்தால் மற்றத் திசையில் நேராக இருந்தே தீரும். இரண்டு திசையிலும் ஒருசேர வளைக்க முயன்றால் தாள் சுருக்கம் விழும், இல்லாவிட்டால் கிழியும். பந்தைத் தாளால் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆரஞ்சுத் தோலை உரித்து மேசையில் தட்டையாக அழுத்தினால் ஓரங்கள் பிளப்பதும் இதனால்தான். நீட்டாமல் சுருக்காமல் ஒரு பரப்பை வளைக்கும்போது, அதன் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குறிப்பிட்ட வளைவு மதிப்பு மாறாமல் இருக்கும் என்று 1827இல் நிறுவியவர் ஜெர்மானியக் கணித மேதை காஸ். தட்டையான தாளுக்கு அந்த மதிப்பு பூச்சியம். பந்துக்கு அது பூச்சியம் அல்ல. ஆகவே தாள் ஒருநாளும் பந்தாகாது.

அம்பாசடரின் பானெட்டும் மட்கார்டும் நெடுகிலும் வளைந்தவை, குறுக்கிலும் வளைந்தவை. எஃகுத் தகட்டைப் பெரிய அச்சுகளுக்கிடையே அழுத்தும்போது தகடு சில இடங்களில் நீண்டுகொடுக்கும். தாள் நீண்டுகொடுக்காது. தாளில் அந்த வடிவம் வேண்டுமானால் ஆரஞ்சுச் சுளைபோல இதழ் இதழாக வெட்டி ஒட்ட வேண்டும். விமானத்தின் மூக்கை அப்படித்தான் செய்கிறார்கள். தேர்ந்த கைகளுக்கு உரிய வேலை அது.

ஜீப்போ தாளுக்கென்றே பிறந்த வண்டி. அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்கள் 1941 முதல் 1945 வரை 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. அத்தனை வேகத்தில் செய்ய வேண்டிய வண்டிக்குச் சிக்கலான வளைவுகள் எதற்கு? தட்டையான பக்கங்கள், தட்டையான மட்கார்டு, ஒரே திசையில் மட்டும் வளைந்த பானெட். நம் நாட்டிலும் 1940களின் இறுதியிலேயே மும்பையில் மஹிந்திரா நிறுவனம் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிவிட்டது. பல ஆண்டுகளுக்கு ஜீப் வந்தால் ஊருக்கு அதிகாரி யாரோ வந்திருக்கிறார் என்று பொருள். எங்கள் குழுவினருக்கு ஓர் அரிசி ஆலையின் கொட்டகையில் நின்ற பழைய ஜீப் அளப்பதற்குக் கிடைத்தது.

நீங்களும் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன்பு அதன் உடலில் ஆங்காங்கே ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு திசையில் ஸ்கேல் முழுதும் ஒட்டி உட்கார்ந்தால் அநேகமாகத் தாளில் செய்யலாம். ‘அநேகமாக’ என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அனல் மின் நிலையங்களில் இடை சிறுத்து நிற்கும் குளிர்விப்புக் கோபுரத்தின் மேல் நேர்கோடுகள் உண்டு. ஆயினும் அதைத் தாளில் சுற்ற முடியாது. ஏன் என்று நீங்களே யோசியுங்கள். வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகம் வராது.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

அளக்கும்போது ஒரு வாக்குவாதம் எழுந்தது. ஒவ்வொன்றையும் மில்லிமீட்டர் சுத்தமாக அளக்க வேண்டும் என்பது ஒரு மாணவனின் கட்சி. அப்படியானால் ஒரு வாரம் ஆகும் என்பது மற்றவர்கள் கட்சி. இதைத் தீர்ப்பதற்குத் தாளையே கேட்கலாம். அவர்கள் வாங்கியிருந்த தாள் சதுர மீட்டருக்கு 160 கிராம் எடையுள்ளது. அதன் தடிப்பு சுமார் 0.2 மில்லிமீட்டர். பென்சில் கோட்டின் தடிப்பும் ஏறக்குறைய அவ்வளவே. 0.2 மில்லிமீட்டரை 25ஆல் பெருக்கினால் 5 மில்லிமீட்டர். அதாவது உண்மை ஜீப்பில் 5 மில்லிமீட்டர் பிழை செய்தால், மாதிரியில் அது ஒரு தாளின் தடிப்புக்குள் மறைந்துவிடும். அதைவிட நுட்பமாக அளப்பது வீண் உழைப்பு. அதைவிட அலட்சியமாக அளந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் எந்தச் சோதனைக்கும் இப்படித்தான் கருவியைத் தேர்ந்தெடுக்கிறோம்.

முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டைப் பயன்படுத்தினார்கள். மையத்திலிருந்து நூலைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்கட்டியால் குறித்து, குறிகளுக்கு இடையே டேப் வைத்தால் வளைவுகள் குறுக்கிடாது. போர்க்கால ஜீப்புக்கு அந்தத் தூரம் 80 அங்குலம், அதாவது 2,032 மில்லிமீட்டர். 25ஆல் வகுத்தால் 81.3 மில்லிமீட்டர். பானெட்டின் வளைவை அளக்க வேறொரு வழி. ஒரு நேரான சட்டத்தின் இரு முனைகளுக்கும் சமக் கனமுள்ள கட்டைகள் வைத்து பானெட்டின் குறுக்கே நிறுத்தி, நடுவிலும் ஓரத்திலும் உள்ள இடைவெளிகளின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். 600 மில்லிமீட்டர் அகலத்துக்கு நடுவில் 30 மில்லிமீட்டர் மேடு என்றால், வட்டத்தின் ஆரம் சுமார் 1,515 மில்லிமீட்டர் என்று வட்டத்தின் நாண் பற்றிய பாடத்திலிருந்து நீங்களே கணக்கிடலாம். கைப்பேசியில் படம் எடுத்து அதிலிருந்து அளக்கலாமே என்று தோன்றும். கிட்ட நின்று எடுத்த படத்தில் அருகிலிருப்பது பெரிதாகவும் தள்ளியிருப்பது சிறிதாகவும் விழும். விளக்கு எங்கே, கைப்பிடி எங்கே என்று நினைவுபடுத்திக்கொள்ள மட்டுமே படம் உதவும்.

தாளுக்கும் ஒரு போக்கு உண்டு

தாள் செய்யும் இயந்திரத்தில் கூழ் ஓடும்போது மர இழைகள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படிந்துவிடுகின்றன. எனவே தாளை இழையின் போக்கில் சுருட்டினால் எளிதாகச் சுருளும், குறுக்கே சுருட்டினால் முரண்டு பிடிக்கும். போக்கைக் கண்டுபிடிக்க ஒரே தாளிலிருந்து நீளவாக்கில் ஒன்றும் அகலவாக்கில் ஒன்றுமாக, ஒரே அளவில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக மேசை விளிம்பில் நீட்டிப் பிடியுங்கள். பிறகு மேல் கீழாக மாற்றி ஒருமுறை பாருங்கள். அதிகம் தொங்குகிற பட்டையில் இழைகள் குறுக்கே ஓடுகின்றன. பானெட்டின் நீளவாக்கில் இழை ஓடும்படி பாகத்தை வரைந்தால் அது பணிந்து வளையும்.

ஈரமும் இதே விளையாட்டை ஆடுகிறது. நனைந்த இழை பருக்கும், ஆனால் அவ்வளவாக நீளாது. ஆகவே தாள் இழைக்குக் குறுக்கே விரியும். மைதாப் பசையைத் தாராளமாகத் தடவி ஒட்டிய பாகம் மறுநாள் கோணிக்கொண்டு நிற்பதன் காரணம் இதுதான். வெள்ளைப் பசையைத் தீக்குச்சி முனையால் மெல்லிய படலமாகத் தடவுவதே போதும். மடிக்க வேண்டிய கோடுகளை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் விளிம்பு கத்தி முனைபோல் வரும். பிளேடு பிடிக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். வெட்டும் பாதையில் மற்றக் கையின் விரல் இருக்கக் கூடாது, பெரியவர் ஒருவர் உடனிருப்பது நல்லது.

மடிப்பு அழகுக்கு மட்டும் அல்ல. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு தாள் பட்டையை இரு முனையிலும் தாங்கி நிறுத்தினால் தன் எடைக்கே தொய்ந்துவிடும். அதே பட்டையின் இரு ஓரங்களையும் 5 மில்லிமீட்டர் அளவுக்குச் செங்குத்தாக மடித்து, தகரத் தண்ணீர்க் காலைப் போல ஆக்குங்கள். வளைவை எதிர்க்கும் விறைப்பு 700 மடங்குக்கு மேல் கூடுகிறது! ஒரு துளிப் பொருளும் சேர்க்கவில்லை. இருந்த பொருளை வளைவின் நடுக்கோட்டிலிருந்து தள்ளி வைத்தோம், அவ்வளவே. லாரிகளின் அடிச்சட்டம் இதே வடிவில் இருப்பதை அடுத்த முறை குனிந்து பாருங்கள்.

சக்கரத்தில் வேறொரு பாடம் காத்திருந்தது. ஜீப் டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 28 அங்குலம். மாதிரியில் 28.4 மில்லிமீட்டர். தடித்த அட்டையில் வட்டங்கள் வெட்டி அடுக்கி ஒட்டி, அதைச் சுற்றி ஒரு கறுப்புத் தாள் பட்டை ஒட்டத் திட்டமிட்டார்கள். பட்டையோடு சேர்த்து 28.4 வரவேண்டும் என்பதற்காக வட்டத்தின் விட்டம் 28. பட்டையின் நீளம் 28 × 3.14 = 87.9 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டு வெட்டினால், ஒட்டும்போது முனைகள் சேரவில்லை! அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓர் இடைவெளி. எல்லா வட்டங்களிலும் அதே இடைவெளி. எல்லாவற்றிலும் ஒரே அளவில் வருகிற பிழைக்கு ஒரே காரணம்தான் இருக்க வேண்டும். வளைந்த பட்டையின் உட்புறம் அமுங்குகிறது, வெளிப்புறம் இழுபடுகிறது, நீளம் மாறாமல் இருப்பது நடுப்படலம் மட்டுமே. அந்த நடுப்படலத்தின் விட்டம் 28 அல்ல, 28.2. நீளம் 88.6 மில்லிமீட்டர். இதைக் கண்டுபிடித்தது சக்கரங்களுக்குப் பொறுப்பேற்றிருந்த இரட்டையர்கள். எனக்கு அதில் ஏற்பட்ட மகிழ்ச்சி அவர்களுக்கு ஏற்பட்டதைவிட அதிகம் என்றே நினைக்கிறேன்.

குழுவாகச் செய்வதன் உண்மையான சோதனை பாகங்களைச் சேர்க்கும் நாளில் வந்தது. அடிச்சட்டமும் அச்சுகளும் மூன்று பேர் பொறுப்பு, உடல் வேறு மூன்று பேர் பொறுப்பு. வரைபடம் ஒன்றுதான், நகல் எடுத்த கடைகள் மட்டும் இரண்டு. சேர்த்துப் பார்த்தால் முன் மட்கார்டின் வளைவுக்குள் சக்கரம் சரியாக இருந்தது, பின்னால் சக்கரம் 2 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி நின்றது. நாலு வாரத்து உழைப்பு! உடல் செய்தவர்கள் அடிச்சட்டம் தப்பு என்றார்கள், அடிச்சட்டம் செய்தவர்கள் உடல் தப்பு என்றார்கள். நல்ல வேளையாக யாரும் எதையும் பிய்த்து எறிவதற்கு முன்பு ஒரு பெண் மிச்சமிருந்த இரண்டு தாள்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். படங்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்காரவில்லை. ஒரு கடையின் இயந்திரம் பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று படத்தை நூற்றுக்கு மூன்று பங்கு சுருக்கியிருந்தது. 81.3இல் நூற்றுக்கு மூன்று என்பது 2.4 மில்லிமீட்டர். கணக்கும் சரியாயிற்று, சண்டையும் தீர்ந்தது. உடலை மட்டும் மறுபடி செய்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என 100 மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும். நகல் கைக்கு வந்ததும் முதல் வேலை அந்தக் கோடுகளை அளப்பது. குறுக்கிலும் ஏன் என்றால், சில இயந்திரங்கள் இரண்டு திசையிலும் ஒரே அளவில் சுருக்குவதில்லை.

முடிந்த ஜீப்பைத் தராசில் வைத்தபோது 40 கிராமுக்குப் பக்கத்தில் நின்றது. இதையும் எதிர்பார்த்திருக்கலாம். ஜீப்பின் தகடு ஒரு மில்லிமீட்டர் அளவு என்று கொண்டால், 1:25இல் அது 0.04 மில்லிமீட்டர் ஆக வேண்டும். நம் தாள் அதைப் போல ஐந்து மடங்கு தடிப்பு. ஆனால் எஃகின் அடர்த்தி தாளின் அடர்த்தியைப் போலப் பத்து மடங்கு அளவுக்கு இருக்கும். ஐந்து மடங்கு தடிப்பு, பத்தில் ஒரு பங்கு அடர்த்தி. ஆகவே நமக்கு வேண்டிய 70 கிராமில் ஏறக்குறைய பாதி!

சைக்கிள் சக்கரக் கம்பியை அச்சாகப் போட்டிருந்ததால் வண்டி நன்றாகவே உருண்டது. அதைச் சரிவில் உருட்டிவிட்டு ஒரு சிறு மேட்டிலிருந்து குதிக்கவைத்துக் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். படத்தில் அது ஜீப்பாகத் தெரியவில்லை, துள்ளும் தீப்பெட்டியாகத் தெரிந்தது. எடை குறைவு என்பதா காரணம்? இல்லை, காலம்தான் காரணம். உண்மை ஜீப் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழ 0.45 விநாடி ஆகும். மாதிரி அதற்கு ஈடான 4 சென்டிமீட்டர் விழ 0.09 விநாடியே ஆகும். 25 அல்ல, 25இன் வர்க்கமூலமான 5இல் ஒரு பங்கு. புவியீர்ப்பை மட்டும் நம்மால் சுருக்க முடியவில்லை அல்லவா? ஆகவே படத்தை ஐந்து மடங்கு மெதுவாக ஓட்ட வேண்டும். விநாடிக்கு 120 படங்கள் எடுத்து விநாடிக்கு 24 வீதம் காட்டினால் சரியாக ஐந்து மடங்கு. சினிமாவில் சிறு மாதிரிகளைக் கொண்டு விபத்துக் காட்சி எடுப்பவர்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடித்த விதி இது. பல கைப்பேசிகள் 120 படங்கள் எடுத்து 30 வீதம் ஓட்டும். அது நான்கு மடங்கு, பரவாயில்லை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஜீப் பாய்வது போலத் தெரிய, மாதிரி விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் உருள வேண்டும். உராய்வு இல்லையென்றால் 20 சென்டிமீட்டர் உயரச் சரிவு போதும். அவர்களுக்கு 25 சென்டிமீட்டர் தேவைப்பட்டது. அந்தப் படத்தில் பின் சக்கரம் தரையைத் தொட்டு அமுங்கி, முன்பக்கம் மெல்ல இறங்குவதைப் பார்த்தபோது அரிசி ஆலைக்காரரே தம்முடைய ஜீப் என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்ததாக ஒரு லாரியை எடுத்திருக்கிறார்கள். அடிச்சட்டத்தின் வாய்க்கால் மடிப்பு எத்தனை மில்லிமீட்டர் உயரம் இருந்தால் 100 கிராம் நெல் மூட்டைகளைத் தாங்கும் என்ற சோதனை இப்போது நடக்கிறது.